வேறு பெயரில் நேட்டால் போன கொள்ளுத்தாத்தாவை எப்படித் தேடுவது?

கேள்வி: எனக்கு வயது 63. ஆரணி பக்கம், தேவிகாபுரத்தை அடுத்த ஒரு கிராமம். என் அப்பாவின் தாத்தா கோவிந்தன், பங்காளிச் சண்டையில் ஒருவரை வெட்டிவிட்டு இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடியவர். அப்போது என் தாத்தா கைக்குழந்தை என்பதால் 1898ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டும். நாலைந்து வருடம் தகவலே இல்லை. அப்புறம் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து மணியார்டர் வர ஆரம்பித்தது. ஆனால் அனுப்பியவர் பெயர் ஆறுமுகம். கொள்ளுப்பாட்டி மட்டும் ‘அவர்தான்’ என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டாராம். 1912 வாக்கில் அதுவும் நின்றுபோனது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருந்ததாகப் பேச்சு. கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு படமும், கிழிந்த மணியார்டர் துண்டு ஒன்றும் எங்களிடம் இருக்கின்றன. துண்டில் ஆறுமுகம் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இலக்கத்தில் ஏதோ எண், தபால் எண்ணாக இருக்கலாம். கப்பல் பட்டியலில் கோவிந்தன் என்று தேடினால் கணக்கில்லாமல் வருகிறார்கள். பெயரே பொய்யென்றால் தேடி என்ன பயன்? கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா? டி.என்.ஏ. சோதனை உதவுமா?

பதில்:

ஐயா, முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர் பார்த்துச் சொல்லப்போகும் கப்பல் பட்டியல் ரகசியம் ஒன்றும் இல்லை. டர்பனில் உள்ள குவாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அதைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. நேரில் ஆள் வேண்டிய கட்டம் ஒன்று பின்னால் வரும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த ஐந்து இலக்க எண்தான் என் கண்ணில் முதலில் பட்டது. அது தபால் எண்ணாக இருக்கலாம்தான். ஆனால் பெயரை ஒட்டி எழுதியிருப்பதைப் பார்த்தால் ‘காலனி எண்’ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இறங்கிய வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு முனுசாமியும் மாரிமுத்துவும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எண் இல்லாமல் யார் எவர் என்று அவரால் பிரித்தறிய முடியாது. எனவே தோட்டத்துக்கு அனுப்பும்போது, பாஸ் கொடுக்கும்போது, கல்யாணத்தைப் பதியும்போது, கோர்ட்டில் நிறுத்தும்போது, ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து விடுதலைச் சீட்டு கொடுக்கும்போது என்று எல்லா இடத்திலும் பெயரோடு எண்ணையும் எழுதினார்கள். ஆள் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம், எழுத்தர் அதைச் சிதைக்கலாம், எண் மட்டும் கூடவே போகும்.

உங்கள் குடும்பக் கதையோடு அது பொருந்துகிறதா என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். 1902ஆம் ஆண்டு முடியும்போது வந்திறங்கியவர்களின் எண்ணிக்கை 95 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆக 1898 வாக்கில் போனவருக்கு ஐந்து இலக்கம்தான் வரும். அதுவும் பெரிய ஐந்து இலக்கம். உங்கள் துண்டில் இருப்பது 20 ஆயிரத்துக்கு உட்பட்டதாக இருந்தால் அது அவருக்கு முந்திய தலைமுறை ஆள் ஒருவருடைய எண். அப்படியானால் ஒன்று அது வெறும் மணியார்டர் எண், இல்லையென்றால் உங்கள் கொள்ளுத்தாத்தா யாரோ ஒருவருடைய காகிதத்தில் காலம் தள்ளியிருக்கிறார். இரண்டாவது நடக்காத விஷயம் இல்லை. தோட்டத்திலிருந்து ஓடியவர்களுக்கு அடுத்தவர் பாஸ் ரொம்பவே பயன்பட்டது.

சரி, பெயருக்கு வருகிறேன். ‘பொய்ப் பெயர்’ என்று இப்போதே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு இரண்டு பெயர் இருப்பது சாதாரணம். குலசாமியை நினைத்து வைத்தது ஒன்று, வீட்டில் கூப்பிட்டது ஒன்று. குழந்தைக்குத் தாத்தா பெயரையே வைத்திருந்தால், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், வேறு பெயரில்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பிட்ட பெயரே ஊர்ப் பெயராக நிலைத்துவிடும். கோவிந்தன் என்று ஊரே அறிந்தவருக்கு ஆறுமுகம் என்பது முறையாக வைத்த பெயராகவே இருந்திருக்கலாம். தப்பி ஓடும் மனிதன், கப்பல் ஏறும் முன் கூலிகளைத் தங்கவைத்துப் பதிந்த டெப்போவில் எழுத்தர் முன்னால் நின்று புதிதாகப் பெயர் யோசிப்பதைவிட, ஊரில் யாரும் கூப்பிடாத தன் சொந்தப் பெயரைச் சொல்லுவது சுலபம்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நம் வழக்கப்படி பேரப்பிள்ளைக்குத் தாத்தா பெயர். உங்கள் தாத்தா தன் பிள்ளைகளில் யாருக்காவது ஆறுமுகம் என்று பெயர் வைத்தாரா? பத்திரத்தில், கல்யாணப் பத்திரிகையில், பள்ளிச் சான்றிதழில் பாருங்கள். கூப்பிடும் பெயரைப் பார்க்காதீர்கள். அடுத்து, கோவிந்தனின் அப்பா பெயர் என்ன என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இது மிக முக்கியம், காரணம் இரண்டு. கப்பல் பட்டியலில் அப்பா பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது: தன் பெயரை மறைத்தவரும் அங்கே பிறந்த மூத்த மகனுக்குத் தன் அப்பா பெயரை வைக்காமல் விடுவது அபூர்வம். ஆறுமுகம் என்ற பெயரில் நேட்டாலில் பல பேர் கிடைப்பார்கள். ஆரணிக்காரராகவும் இருந்து, மூத்த மகனுக்கு உங்கள் எள்ளுத்தாத்தா பெயரையும் வைத்த ஆறுமுகம் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

பட்டியலில் எண்ணைத் தேடி அந்த வரி கிடைத்தால் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், கப்பல் என்று விவரங்கள் கிடைக்கும். எல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆள் பிடித்த மேஸ்திரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்துத்தான் அழைத்துப் போவார். வயதைக் குறைப்பார்கள், தோட்ட வேலைக்குத் தோதான சாதியைச் சொல்லச் சொல்வார்கள். வெட்டுக் கேஸில் தப்பியவர் உள்ளூர் மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்றிருக்க மாட்டார். சென்னைக்கு நடந்தே போய் அங்கே பதிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் தாணா பெயர் மாறியிருக்கலாம். உயரமும் தழும்பும்தான் அவர் கையில் இல்லாதவை. வெட்டுக்குத்தில் அவருக்கும் காயம் பட்டதாக வீட்டில் யாராவது சொன்னதுண்டா? எந்தக் கை, எந்தக் கால் என்று வயதானவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பட்டியலைப் பார்த்த பிறகு கேட்டால், நாம் விரும்புகிற பதிலைத்தான் அவர்கள் சொல்லுவார்கள்.

அவர் பெயருக்கு அடுத்த வரியில் மனைவி என்று ஒரு பெண் இருந்தால் உடனே பதறிவிடாதீர்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதத்தில் ஆள் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். தனியாக வந்த பெண்களை டெப்போவிலேயே யாரோ ஒருவருடைய சம்சாரம் என்று எழுதிக்கொண்டதும் உண்டு, டெப்போவிலேயே நிஜமாக ஜோடி சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டில் எது என்பது அந்த ஒரு வரியிலிருந்து தெரியாது.

எண் உதவவில்லை என்றால் பெயரைத் தொடவே தொடாதீர்கள், ஊரை வைத்துத் தேடுங்கள். உங்கள் மாவட்டம் இப்போது திருவண்ணாமலை. ஆனால் அது 1989இல் பிரிந்தது. பட்டியலில் உங்கள் ஊர் வட ஆற்காடு ஜில்லாவில் இருக்கும். 1911 வரை சித்தூர்ப் பக்கமும் அதே ஜில்லாதான். எனவே வட ஆற்காடு என்றதும் தெலுங்குப் பெயர்களும் நிறைய வரும், அவற்றைத் தள்ளிவிடலாம். 1897 முதல் 1901 வரை வந்திறங்கியவர்களில், ஆரணி, போளூர், வந்தவாசி தாணாக்களைச் சொன்ன, இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருந்த, தனியாகப் போன ஆண்களை மட்டும் எடுத்து எழுதுங்கள். ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்க்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். தேவிகாபுரம் ‘டாவிகாபூரம்’ ஆகலாம், ஆறுமுகம் ‘ஆர்மோகம்’ ஆகலாம். க, ச, ட, ப எல்லாம் வல்லினமாகவும் வரும், மெலிந்தும் வரும். அப்புறம், எண்கள் அடுத்தடுத்து வருகிறவர்களைக் கவனியுங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போனவர்கள் வரிசையில் சேர்ந்தேதான் நின்றிருப்பார்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ‘கப்பலுக்குப் போனவர்’ என்று பேச்சு உள்ள வேறு குடும்பங்களை விசாரித்து, அந்தப் பெயர்களில் ஒன்று பட்டியலில் தென்பட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை உற்றுப் பாருங்கள். தெரியாத ஊருக்குத் தனியாக ஓடுகிறவர் மிகக் குறைவு.

அடுத்தது, அவர் அங்கே இரண்டாவது முறையும் பெயர் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கினால் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி. ஒன்று மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இல்லை ஊர் திரும்ப வேண்டும், இல்லை வரி கட்ட வேண்டும். கூலிக்காரருக்கு மூன்று பவுண்டு என்பது பல மாதச் சம்பளம். 1914இல் அந்த வரியை எடுக்கும் வரை, அதற்கு டிமிக்கி கொடுக்க ஊர் மாறியவர்களும் பெயர் மாறியவர்களும் உண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தா 1898இல் போனவர் என்றால் 1903 வாக்கில் இந்த நெருக்கடி அவருக்கு வந்திருக்கும். மணியார்டர் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான். இதிலிருந்து முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த வருடங்களைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

பெயரின் பின்பாதியும் அங்கே மாறியது. இன்று தென்னாப்பிரிக்காவில் கவெண்டர், மூட்லி, பிள்ளே, படையாச்சி, நாயுடு என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள் எல்லோருடைய முன்னோரும் கவுண்டராகவும் முதலியாராகவும் பிள்ளையாகவும் கப்பல் ஏறியவர்கள் இல்லை. சிலர் அங்கே போய்ச் சேர்த்துக்கொண்டது, சிலருக்கு எழுத்தர் போட்டது. பலருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆறுமுகத்தின் பேரன்கள் ‘ஆர்முகம்’ என்ற குடும்பப் பெயரோடு இருக்கலாம், கவெண்டர் என்றும் இருக்கலாம். சாதியை வைத்து ஆளைச் சேர்ப்பதும் கழிப்பதும் இந்தத் தேடலில் வேலைக்கு ஆகாது.

கப்பல் பட்டியலுக்கு அடுத்து எனக்கு நம்பிக்கை தருவது இறந்தவர் சொத்துக் கோப்பு. நேட்டாலில் கொஞ்சமாவது சொத்தோ சேமிப்போ வைத்துவிட்டு இறந்தவருக்குக் கோப்பு ஒன்று திறப்பார்கள். அதில் இறப்பு அறிவிப்புப் படிவம் இருக்கும்: பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், இறந்த இடம். உயிரோடு இருந்த காலமெல்லாம் மறைத்த ஊர்ப் பெயர் இந்தப் படிவத்தில் வெளிப்பட்டுவிடுவதுண்டு. காரணம், அதைச் சொல்பவர் அவர் அல்ல, மகனோ மனைவியோ. அதனாலேயே கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்று கட்டாயம் பாருங்கள். மகன் சொன்ன பாட்டன் பெயருக்கு மதிப்பு உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு அவ்வளவு இல்லை. நேட்டாலின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் சொத்துக் கோப்புகளில் 1950 வரையிலானவை ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளித் தளத்தில் படங்களாக இருக்கின்றன. கணக்குத் தொடங்கக் காசு கிடையாது. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் நாயர்ஸ் (NAAIRS) என்ற தேடுபட்டியல் இருக்கிறது. அதில் இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளின் தலைப்புகளும் வரும். தலைப்பில் சில சமயம் காலனி எண்ணையே போட்டிருப்பார்கள். ஆகவே அங்கேயும் பெயரை விட்டு எண்ணை அடித்துப் பாருங்கள். கோப்பின் முழு நகல் வேண்டும் என்றால்தான் அங்கே ஆள் தேவை. அப்போது கோப்பு எண்ணைச் சொல்லி, நகலெடுக்கும் கூலியை மட்டும் பேசுங்கள். ‘கண்டுபிடித்துத் தருகிறேன்’ என்பவருக்கும் ‘இந்தக் கோப்பை நகலெடுத்துத் தருகிறேன்’ என்பவருக்கும் கொடுக்கும் பணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

அந்தக் கோப்பில் பிள்ளைகள் பட்டியலில் உங்கள் சொந்தக்காரர் யாராவது ‘மகன்’ என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 1913ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே குடியிருப்பவரின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும்தான் இந்தியாவிலிருந்து போக முடிந்தது. விளைவு, அண்ணன் மகனும் அக்கா மகனும் காகிதத்தில் சொந்த மகன் ஆனார்கள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் செய்துகொண்ட 1927 கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பின், வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி அங்கே இந்திய அரசின் ஏஜென்டாக இருந்த காலத்தில், இப்படி வந்தவர்கள் தாமாக முன்வந்து உண்மையைச் சொன்னால் தங்க அனுமதி என்று ஒரு மன்னிப்பு ஏற்பாடு வந்தது. சொன்னவர்கள் சொன்னார்கள். மற்றவர்களின் வாரிசுகள் இன்றும் காகிதத்தில் இருந்த பெயரைத்தான் தாத்தா பெயர் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஊரிலிருந்து 1913க்குப் பிறகு நேட்டால் போன பையன்கள் யாராவது உண்டா என்று கேளுங்கள். கொள்ளுத்தாத்தா 1912இல் சாகவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகக் கூடும்.

இந்தியப் பக்கம் வேலை கொஞ்சம்தான். வந்த பணத்தில் நிலம் வாங்கினார்களா? வாங்கியிருந்தால் பழைய பத்திரத்தில் ‘நேட்டாலில் இருக்கும் இன்னார் அனுப்பிய பணத்தில்’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கலாம், இல்லை பாகப் பிரிவினையில் ‘வெளிதேசத்தில் இருக்கும் மூத்தவர் பங்கு’ என்று ஒதுக்கியிருப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு, பழைய புத்தகத்தைக் கையால் புரட்டச் சொல்ல வேண்டும். பொறுமை வேண்டும், வேறொன்றும் இல்லை. வாரிசு தெரியாமல் நேட்டாலில் இறந்த கூலிகளின் சேமிப்பை இங்கே அனுப்பி, கலெக்டர்கள் மூலம் உறவினரைத் தேடிய கடிதப் போக்குவரத்தும் உண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடியேற்ற நடவடிக்கைத் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் ‘அபிலேக் படல்’ (Abhilekh Patal) என்ற தளத்தில் ஏற்றியிருப்பவற்றை வீட்டிலிருந்தே தேடலாம். வெட்டு வழக்கின் போலீஸ் காகிதத்தைத் தேடி வேலூருக்கு அலைய வேண்டாம். கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கிடைத்தாலும் நேட்டாலில் அவர் பெயர் என்ன என்று அது சொல்லாது.

டி.என்.ஏ. பற்றிக் கேட்டீர்கள். உதவும், ஆனால் கடைசியில். அங்கே வேறு குடும்பம் இருந்தது உண்மை என்றால், அவருடைய கொள்ளுப்பேரன் ஒருவரும் நீங்களும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழி, கொள்ளுப்பாட்டி வேறு. கணக்குப்படி உங்கள் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டியது சராசரியாக ஒன்றரை சதவீதம்தான். சோதனை அதைக் காட்டிவிடும். சிக்கல் என்னவென்றால், நம்மிடம் மாமன் மகளையும் அக்கா மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம். அதே சாதியில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரோடும் உங்களுக்கு அந்த அளவு பொருத்தம் வந்து நிற்கலாம். எனவே எதிர்த்தரப்பில் ஆள் யார் என்று காகிதம் சொன்ன பிறகு, உறுதிப்படுத்த மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். சும்மா எச்சிலைக் கொடுத்துவிட்டுப் பொருத்தம் வருமா என்று காத்திருந்தால், நூறு தூரத்துச் சொந்தங்களின் பட்டியல் வரும், ஒருவரையும் உங்களால் எங்கேயும் பொருத்த முடியாது.

ஆள் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடிதத்தில் வெட்டையும் எழுதாதீர்கள், முதல் மனைவியையும் எழுதாதீர்கள், நிலம் என்ற பேச்சே வேண்டாம். அவர்கள் வளர்ந்தது ஆறுமுகத்தின் பேரப்பிள்ளைகளாக. கோவிந்தன் யார் என்றே தெரிந்திருக்காது. ‘எங்கள் வீட்டில் இந்தப் படம் இருக்கிறது, உங்கள் வீட்டில் இவரைத் தெரியுமா’ என்று கேட்டுப் படத்தை அனுப்பினால் போதும். ஆங்கிலத்தில் எழுதுங்கள். அங்கே இன்றைய தலைமுறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நேரடியாக யார் முகவரியும் கிடைக்கவில்லை என்றால், அவர் வேலை செய்த தோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்கு எழுதலாம். டர்பன் பக்கத்து இஸிபிங்கோ, மவுண்ட் எட்ஜ்கம்ப் கோயில்களுக்கெல்லாம் கரும்புத் தோட்டக் கூலிகளின் வாரிசுகள் இன்றும் வருகிறார்கள். கோயில் பெரியவர் ஒருவருக்கு ஒரு முகம் பிடிபட்டால் மீதி வேலையை அவரே செய்துவிடுவார்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: மணியார்டர் துண்டின் இரண்டு பக்கத்தையும், படத்தின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஸ்டுடியோ பெயர் பெரும்பாலும் அட்டையின் அடியிலோ பின்னாலோ இருக்கும், அதிலிருந்து எந்த ஊர் என்று தெரியும். எண்ணை நீங்களே படித்து எழுதி அனுப்ப வேண்டாம். பழைய கையெழுத்தில் 1ம் 7ம் ஒன்று போலவே இருக்கும். இரண்டு விதமாகவும் படித்து இரண்டு வரியையும் பட்டியலில் பார்க்க வேண்டியிருக்கும்.